இரண்டு பட்டியலிலும் இல்லாத இருபத்து மூன்று பேர்

பக்கத்து அறையில் பிரிண்டர் ஓடும் சத்தம் நின்றது.

ராஜகுமாரி டீ கிளாஸை உதட்டருகே வைத்தபடி அசையாமல் இருந்தாள். கர்ரென்று இழுத்து இழுத்து அடிக்கும் பழைய பிரிண்டர் அது. ஒரு பக்கம் முடிந்தால் டொக்கென்று ஒரு குதி குதிக்கும். இந்தப் பட்டியல் ஓடத் தொடங்கியதிலிருந்து அந்தக் குதியை அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். பதின்மூன்று ஆகிவிட்டது. பதினான்காவது வரவேண்டும். வரவில்லை.

"முடிஞ்சிருச்சு போல. தாளைக் கிழிச்சு அடுக்கிரு தங்கச்சி," என்றார் அன்பழகன்.

"இன்னும் ஒரு பக்கம் வரணும்ண்ணே."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் நடக்கிறது உனக்கு எப்படித் தெரியுது?"

"பக்கத்துக்கு நாப்பது பேர்னா கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு பேர்தான் வரும். ஒரு பேருக்காக ஒரு முழுத் தாள் வீணாப் போகுதேன்னு காலையிலேயே மனசு அடிச்சுக்கிச்சு. அந்தத் தாளையே காணோம்."

"மிச்சம்னு நினைச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

ஜங்லிகாட் கடைத்தெருவில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே இருந்தது அன்பழகனின் கம்ப்யூட்டர் சென்டர். மூன்று கணினிகள், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், மின்சாரம் போனால் குழந்தை போலக் கத்தும் ஒரு பேட்டரிப் பெட்டி. விருதுநகரிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்து பாத்திரக்கடை, துணிக்கடை, போட்டோ ஸ்டுடியோ எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியாக இதில் வந்து நின்றவர் அவர். கணினியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியில் எங்கே சந்தனம் வைக்க வேண்டும் என்பது மட்டும்தான். மற்றதெல்லாம் ராஜகுமாரியின் தலையில்.

சுனாமி வந்துபோய் ஐந்தாவது வருடம் அது. வீடிழந்து தகரக் கொட்டகைகளில் வெந்துகொண்டிருந்த குடும்பங்களுக்காகச் சௌல்தாரிக்கு அப்பால் மாடியோடு புது வீடுகள் கட்டி முடித்திருந்தார்கள். அறுநூற்றுப் பதினெட்டுக் குடும்பங்கள். குடும்பத் தலைவருக்கு அறுபது வயது நிரம்பியிருந்தால் கீழ் வீடு, நிரம்பாவிட்டால் மாடி வீடு. அந்தக் குடும்பங்களின் படிவங்களையெல்லாம் கணினியில் ஏற்றி இரண்டு பட்டியலாகப் பிரித்துக் கொடுக்கும் வேலைதான் அன்பழகனுக்குக் கிடைத்திருந்தது. அன்று மாலை நான்கு மணிக்கு அதிகாரி வந்து வாங்கிப் போவார். மறுநாள் மைதானத்தில் பேர் வாசித்துச் சாவி கொடுப்பார்கள். பேர் வாசிக்கப்படாதவருக்குச் சாவி இல்லை. அடுத்த வாரம் தகரக் கொட்டகைகளைப் பிரித்துவிடுவார்கள்.

ராஜகுமாரி எழுந்து போய்த் தாள்களை எடுத்து வந்தாள். முதல் பட்டியலில் தொண்ணூற்றேழு பேர். இரண்டாவதில் ஐந்நூற்று இருபத்தொன்று இருக்க வேண்டும். இருந்தது நானூற்றுத் தொண்ணூற்றெட்டு.

இருபத்து மூன்று குடும்பம் எங்கே போயிற்று?

"வைரஸா இருக்கும்," என்றார் அன்பழகன். எழுந்து வந்து கணினியின் பின்பக்கம் வாயால் ஊதினார். தூசி கிளம்பி அவருக்கே தும்மல் வந்தது.

"நான் கேட்டது ரெண்டே கேள்விண்ணே. நாப்பத்தொன்பது முடியறதுக்குள்ள பொறந்தவங்க யாரு, அதுக்கப்புறம் பொறந்தவங்க யாரு. உலகத்துல இருக்கிற அத்தனை பேரும் இதுல ஒண்ணுலதானே அடங்கணும்?"

"அடங்கணும். நீயும் நானுமே அடங்குறோமே."

கட்டுக் கட்டாக இருந்த படிவங்களைத் தரையில் பரப்பி உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டியலில் தேடினாள். நாற்பத்தோராவது படிவத்தில் விரல் நின்றது. ஒச்சம்மா, கணவர் பெயர் ராஜமாணிக்கம், காலமானவர். சொந்த இடம் கச்சால் தீவு, ரப்பர் தோட்டம். பிறந்த தேதி என்ற இடத்தில், கணக்கெடுக்க வந்தவர் பென்சிலால் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தார்.

கணினியில் அந்தப் பெயரைத் தட்டினாள். இருந்தது. அவளே தன் கையால் ஏற்றியதுதான். பெயர், ஊர், கொட்டகை எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பிறந்த தேதிக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டதே அவள்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் வேலை தொடங்கியபோதே அன்பழகன் சொன்னார். "தேதி தெரியாதவனுக்கெல்லாம் ஒண்ணு ஒண்ணு ஐம்பதுன்னு போட்டுத் தள்ளு. எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தான். அது போதும், சலேகா." ராஜகுமாரி கேட்கவில்லை. அதற்கு அவளுக்கு ஒரு காரணம் இருந்தது.

அவள் அப்பா ஐயாவு சாத்தம் மரமறுக்கும் மில்லில் வேலை செய்தவர். மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது பிறந்த தேதி கேட்டார்கள். மழைக்காலம் என்றார் அவர். இந்த ஊரில் மழைக்காலம் என்பது எட்டு மாதம். தலைமையாசிரியர் சிறுமியின் கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொடச் சொல்லிவிட்டு, ஜூலை ஒன்று என்று எழுதிவிட்டார். அந்த வகுப்பில் பத்தொன்பது பேருக்கு ஜூலை ஒன்று. வருடத்தில் ஒரே நாள் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துப் பத்தொன்பது பிறந்த நாளையும் டீச்சர் முடித்துவிடுவார். அதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. கல்யாணம் பேச வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. பள்ளித் தேதிக்கு ஒரு ஜாதகம், அம்மா அன்னம்மாள் விரல் விட்டு எண்ணிச் சொன்ன கார்த்திகை மாதத்துக்கு ஒரு ஜாதகம். ஒன்று பொருந்தியது, ஒன்று மாமியாருக்கு ஆகாது என்றது. இருவீட்டாரும் ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்படி சண்டை போட்டார்கள். மாப்பிள்ளை முருகானந்தம்தான், "ரெண்டுல எந்த நாள்ல பொறந்த பொண்ணா இருந்தாலும் எனக்குச் சம்மதம்" என்று சொல்லி விஷயத்தை முடித்து வைத்தான். அன்று இரவு அழுதுகொண்டே அவள் ஒரு முடிவு எடுத்தாள். தெரியாத தேதியை யாருக்கும் தான் எழுதிக் கொடுப்பதில்லை.

அந்த முடிவுதான் இப்போது இருபத்து மூன்று குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்தது.

"அண்ணே, சென்னைக் கப்பல் ஹேடோ துறைமுகத்துக்கு வந்துருச்சா?" என்று கேட்டாள்.

அன்பழகன் விழித்தார். "எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப வரலையா?"

"அதுவும் தெரியாது. காலையிலேர்ந்து உன்கூடத்தானே உக்காந்திருக்கேன்."

"வந்துருச்சுன்னு சொல்றவங்க இந்தப் பக்கம், வரலைன்னு சொல்றவங்க அந்தப் பக்கம் நில்லுங்கன்னா, நீங்க எங்க நிப்பீங்க?"

"நான் எதுக்கு நிக்கணும்? இப்படியே உக்காந்திருப்பேன்."

"அதேதான். இருபத்து மூணு பேர் உள்ளே உக்காந்திருக்காங்க. அறுபது ஆச்சான்னு கேட்டேன், மிஷின் தெரியாதுன்னுது. ஆகலையான்னு கேட்டேன், அதுக்கும் தெரியாதுன்னுது. ஆமான்னு சொன்னவங்களை மட்டும் பொறுக்கி எடுத்து அடிச்சுக் குடுத்துருச்சு."

"அரே, வாயைத் திறந்து சொல்லக் கூடாதா அது?"

"நான் கேக்கலையே."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மீதிப் பேரைக் கையால் தேடினால் மாலைக்குள் முடியாது. பிறந்த தேதி காலிக்குச் சமமாக இருப்பவர்கள் யார் என்று கணினியைக் கேட்டாள். கணினிக்காரர்கள் அந்தக் காலிக்கு ஆங்கிலத்தில் 'நல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைப் போட்டு, சமக்குறி போட்டுத் தட்டினாள். திரையில் ஒரு பெயர்கூட வரவில்லை.

அன்பழகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? யாருமே இல்ல. உனக்குத்தான் கணக்கு தப்பு. கட்டி வை."

ஒரு நிமிடம் அவளுக்கும் அப்படியே விட்டுவிடலாமா என்று தோன்றியது. இயந்திரமே இல்லை என்கிறது. யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் ஒச்சம்மாவின் படிவம் அவள் மடியில் கிடந்தது. இல்லாத ஒருத்திக்கு எப்படிப் படிவம் இருக்கும்?

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. பேட்டரிப் பெட்டி கத்தத் தொடங்கியது. மேசை விசிறி மெல்லச் சுற்றி நின்றது. காற்றில் படிவங்கள் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் வைத்திருந்த தடித்த புத்தகத்தை இனி எடுக்கலாம். கணினி வாங்கிய நாளிலிருந்து யாரும் திறக்காத புத்தகம் அது. ராஜகுமாரி எடுத்துத் திறந்தாள். எழுத்துக் கூட்டி, உதடு அசைத்து, ஒவ்வொரு வரியாக அந்த ஆங்கிலத்தைப் படித்தாள். பெட்டி கத்திக்கொண்டே இருந்தது. அன்பழகன் விசிறிக்குப் பதிலாகக் காலண்டர் அட்டையால் அவளுக்கு வீசிக்கொண்டிருந்தார்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. தெரியாதது எதற்கும் சமம் ஆகாது. இன்னொரு தெரியாததற்கும் சமம் ஆகாது.

படித்துவிட்டுச் சிரித்துவிட்டாள். ஒச்சம்மாவின் வயது தெரியாது. அதற்கு அடுத்த படிவத்திலிருக்கும் ராசம்மாவின் வயதும் தெரியாது. அதற்காக இருவருக்கும் ஒரே வயது என்று சொல்ல முடியுமா? சமமா என்று கேட்டால் அதற்கும் பதில் தெரியாதுதான். அதனால் சமக்குறியே போடக் கூடாது. காலியாக இருக்கிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். அதற்கென்று தனியாக 'இஸ் நல்' என்று இரண்டு சொற்கள் இருந்தன.

மின்சாரம் வந்தது. தட்டினாள். திரையில் பெயர்கள் வரிசையாக இறங்கின. ஒச்சம்மா, ராசம்மா, சொர்ணம்மா, அழகம்மா. கடலில் போனவர்கள் கரையேறி வருவது போல ஒவ்வொருவராக வந்தார்கள். மொத்தம் இருபத்து மூன்று. ராஜகுமாரியின் கண்கள் நிறைந்து எழுத்துகள் கலங்கின.

"அழாத. கீ போர்டுல தண்ணி படக் கூடாது," என்றார் அன்பழகன். அவர் குரலும் கொஞ்சம் கரகரத்திருந்தது.

பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. "இருபத்து மூணு பேருக்கும் நாப்பத்தஞ்சாம் வருஷம்னு போட்டுரு. எல்லாரும் பெரியவங்க ஆயிருவாங்க. எல்லாருக்கும் கீழ் வீடு. மாடி ஏற வேண்டாம். புண்ணியமாப் போகும்."

புண்ணியம் என்றதும் ராஜகுமாரியின் கை தயங்கியது. பொய்தான். ஆனால் நல்லது செய்யும் பொய். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மரப்படியில் யாரோ திடுதிடுவென்று ஏறி வரும் சத்தம் கேட்டது.

வந்தவள் ஒல்லியாக, உயரமாக இருந்தாள். தலைமுடியில் பாதி நரை, பாதி கறுப்பு. இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் பை. மூச்சு வாங்கவே இல்லை.

"இங்கதான் வீட்டு லிஸ்டு அடிக்கிறதா? சௌல்தாரி பஸ்ஸுல பேசிக்கிட்டாங்க. எம் பேரு ஒச்சம்மா. இருக்கான்னு பாத்துச் சொல்லு தாயி."

ராஜகுமாரியும் அன்பழகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உக்காருங்கம்மா. உங்களைத்தான் காலையிலேர்ந்து தேடிக்கிட்டு இருக்கோம்."

"என்னையா? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"தப்பு நான் பண்ணது. உங்க வயசு என்னம்மா?"

ஒச்சம்மா கையை விரித்தாள். "அத யாரு கண்டா? சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல பொறந்தேன். கொழுந்து எடுக்கப் பேரு பதியறப்ப கணக்கப்புள்ள ஒரு வயசு எழுதினாரு, கப்பலேறப் பாஸ்போட்டு எடுக்கறப்ப இன்னொருத்தர் இன்னொண்ணு எழுதினாரு. கச்சாலுக்கு வந்தப்ப ரெண்டு புள்ளைக்குத் தாய். அந்த ரெண்டு தாளும் அலையில போயிருச்சு. நல்லதாப் போச்சு. ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்காது."

"கவலைப்படாதீங்க," என்றார் அன்பழகன் பெருந்தன்மையோடு. "அறுபத்து நாலுன்னு போட்டு உங்களுக்குக் கீழ் வீடே வாங்கித் தர்றோம்."

ஒச்சம்மாவின் முகம் மாறிவிட்டது. பையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"கீழ் வீடா? எனக்குக் கீழ் வீடு வேணாங்க. அன்னிக்கு அலை வந்தப்ப ரப்பர்ப் பால் ஒறைய வைக்கிற ஷெட்டுக் கூரையில ஏறினேன். அதனாலதான் இன்னிக்கு உங்க முன்னாடி நிக்கிறேன். கீழ நின்னவங்க யாரும் நிக்கல. எனக்கு மேல வேணும். ஏறவும் முடியும் எனக்கு. உங்க படியை எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன், இருபத்தாறு. அத விட ஒசரமாவா இருக்கப் போகுது?"

கீழே பெயிண்ட் கடையில் டப்பா குலுக்கும் சத்தம் கேட்டது. ராஜகுமாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரப்பர் மரம் சீவிச் சீவிக் காய்த்துப்போன கை. இந்தக் கைக்குச் சொந்தக்காரியை, நல்லது செய்வதாக நினைத்து, ஒரு தேதி போட்டு வாழ்நாள் முழுக்கப் பயத்தோடு தூங்க வைக்க இருந்தாளே.

"மூணாவதா ஒரு பட்டியல் அடிக்கிறேண்ணே," என்றாள்.

"மூணாவதா? அவங்க கேட்டது ரெண்டு. வேலையே கையை விட்டுப் போயிரும்."

"போனா என் பேரைச் சொல்லிருங்க."

பிரிண்டர் ஒரே ஒரு தாளை அடித்தது. தலைப்பில், பிறந்த தேதி தெரியாதவர்கள், நேரில் கேட்டு முடிவு செய்யவும் என்று இருந்தது.

நான்கு மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி மண்டல் சாஹிப் வங்காளி. குட்டையாக, எப்போதும் அவசரத்தில் இருப்பவர். மூன்று பட்டியல்களைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். ஹிந்தியில்தான் பேச்சு நடந்தது.

"தோ லிஸ்ட் போலா தா. ரெண்டுதானே கேட்டேன், இது என்ன மூணாவது?"

ராஜகுமாரி எழுந்து நின்றாள். "தப்பு என்னுது சாஹிப். தேதி தெரியாத இடத்தைக் காலியா விட்டேன். காலியா விட்டவங்களை மறக்காம தனியாக் கேட்டு எடுத்திருக்கணும். அதைச் செய்யல. இந்த இருபத்து மூணு பேர் ரெண்டு பட்டியல்லயும் விழல. நாளைக்கு மைதானத்துல இவங்க பேரை யாரும் வாசிச்சிருக்க மாட்டாங்க."

"அதுக்கு ஒரு தேதியைப் போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம் சாஹிப். நாளைக்கு யாராவது ஆஸ்பத்திரிச் சீட்டோட வந்து, இது என் வயசு இல்ல, எனக்கு ஏன் இந்த வீடு குடுத்தீங்கன்னு கேட்டா? பட்டியல்ல கையெழுத்து உங்களுது."

மண்டல் சாஹிப் எடுத்த பேனாவை மூடினார். கையெழுத்து என்ற சொல் அவரைப் போன்றவர்களின் நெஞ்சில் எங்கே போய்த் தைக்கும் என்று அன்பழகனுக்கும் தெரியும். ஒன்றும் தெரியாதவர் போல அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒவ்வொருத்தரா நேர்ல கேட்டா எப்ப முடியும்?"

"ஒருத்தர் இங்கயே இருக்காங்க சாஹிப். கேட்டுப் பாருங்க, எவ்வளவு நேரம் ஆகுதுன்னு."

ஒச்சம்மா முந்திக்கொண்டாள். கச்சாலில் முப்பத்தைந்து வருடம் எல்லா ஊர்க்காரரோடும் பேசிப் பழகிய தீவு ஹிந்தி அவளிடம் இருந்தது. "சாஹிப், ஹம் கோ ஊபர் மங்தா. நீச்சே நஹி. மேலதான் வேணும், கீழ வேணாம்."

"உமர் கித்னா? வயசு எவ்வளவு?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க," என்று தலையைத் தூக்கி வெளிச்சத்தில் நின்றாள்.

மண்டல் சாஹிப் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பத்தைந்து என்று தொடங்கினார், பிறகு அறுபது என்றார், பிறகு தன் அக்காவை நினைத்துக்கொண்டவர் போல ஐம்பத்தெட்டு என்றார். கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சோடோ, விடு. ஒரு நிமிஷம்கூட ஆகல," என்றார். மூன்றாவது தாளில் ஒச்சம்மாவின் பெயருக்கு நேரே 'மாடி' என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டார். "மத்த இருபத்திரண்டு பேரையும் நாளைக்கு எட்டு மணிக்கே மைதானத்துக்கு வரச் சொல்லுங்க. சாவி குடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுடறேன். நீயும் வரணும் மகளே. காலியா விட்டது நீ, பக்கத்துல நின்னு நிரப்ப வேண்டியதும் நீதான்."

"வர்றேன் சாஹிப்."

அந்தத் தாளில் ஒரு நகலை எடுத்து வைத்துக்கொண்டு அசலைக் கொடுத்ததும் ஜீப் கிளம்பியது. அன்பழகன் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். "என் உசுரு போயி வந்துச்சு. இனிமே எந்தப் பட்டியலா இருந்தாலும் காலியா இருக்கிறது யாருன்னு முதல்ல கேக்கறே, அப்புறந்தான் மத்ததெல்லாம். புரியுதா?"

"புரியுதுண்ணே."

ஒச்சம்மாவுக்குத் தன் பெயரைப் பார்க்க வேண்டுமாம். படிக்கத் தெரியாது, ஆனாலும் பார்க்க வேண்டும். ராஜகுமாரி நகல் தாளை மேசையில் விரித்து அவள் விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தாள்.

"இதுதான் நானா?"

"இதுதான் நீங்க. இது உங்க வீட்டுக்காரர் பேர். இது உங்க கொட்டகை நம்பர். இங்க சாஹிப் மாடின்னு எழுதியிருக்கார்."

விரல் வரியோடு நகர்ந்து நடுவில் நின்றது. "இங்க ஒண்ணுமே இல்லயே?"

"அது உங்க வயசும்மா."

ஒச்சம்மா அந்த வெள்ளை இடத்தைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "இத்தன வருஷத்துல இப்பத்தான் ஒருத்தி சரியா எழுதியிருக்கா."

பையைத் திறந்து நான்கு பெரிய நார்த்தங்காய்களை எடுத்து மேசையில் வைத்தாள். கொட்டகைக்குப் பின்னால் தானே வளர்த்த மரத்தில் காய்த்தவையாம். புது வீட்டு மாடியில் அந்த மரத்தை எப்படி வைப்பது என்று அன்பழகன் கேட்டார். "கீழ் வீட்டுக்காரி நல்லவளா இருந்தா அவ வாசல்ல வைப்பேன், காயை மேல நின்னு பறிப்பேன்," என்றாள் அவள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தாள். வாசலில் நின்று ராஜகுமாரியின் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

"நாளைக்குச் சாவி வாங்கினதும் நீதான் மொதல்ல ஏறி வரணும் புள்ள."

"வர்றேன்ம்மா. பாத்து இறங்குங்க, ஒன்பதாவது படி ஆடும்."

"தெரியும். ஏறும்போதே பாத்துக்கிட்டேன்."

செருப்புச் சத்தம் படி படியாக இறங்கி, ஆட்டோக்களின் இரைச்சலில் கலந்தது. அது முழுதாக மறையும்வரை நின்றிருந்துவிட்டு, ராஜகுமாரி கதவை மூடினாள்.